வாசகர் கேள்வி – பதில்: சென்சாரை மாற்றிய பின்னும் வண்டி வெட்டுவது ஏன்?

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது 2012ஆம் ஆண்டில் வாங்கிய பெட்ரோல் கார்; ஆக்ஸிலரேட்டர் கேபிளால் இயங்கும் பழைய வகை. நாள்தோறும் தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் விரைவுச் சாலை வழியாக வேலைக்குப் போய் வருகிறேன். ஆறு மாதமாக, கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகும்போது வண்டி வெட்டி வெட்டி ஓடுகிறது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்திருக்கும்போது சில நாள்களில் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் அடங்காமல் 1,500 வரை ஏறி இறங்குகிறது. பிளக்குகளையும் பெட்ரோல் ஃபில்டரையும் மாற்றியாயிற்று. செக் எஞ்சின் விளக்கு எரிந்த ஒரு நாள் ஸ்கேனர் போட்டுப் பார்த்ததில் ‘பி 0122’ என்ற குறியீடு வந்தது. திராட்டில் பொசிஷன் சென்சார் போய்விட்டது என்று சொல்லிப் புதிதாக ஒன்றை மாட்டினார்கள். இரண்டு வாரம் வண்டி அருமையாக ஓடியது. பிறகு பழைய குறை அப்படியே திரும்பிவிட்டது. ‘போட்டது டூப்ளிகேட், ஒரிஜினல் போடுவோம்’ என்கிறார் எங்கள் மெக்கானிக். ‘இசிஎம்மே, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியே, போய்விட்டது’ என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: இருவர் சொல்வதையும் சற்று ஒதுக்கி வையுங்கள். ‘இரண்டு வாரம் அருமையாக ஓடியது’ என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் பயன்பட்ட வரி அதுதான். சென்சாரை மாற்றும்போது அதன் கனெக்டரைக் கழற்றி, மறுபடியும் அழுத்திச் செருகியிருப்பார்கள். அப்படிச் செருகும்போது உலோக ஊசிகள் ஒன்றோடொன்று உராய்ந்து, அவற்றின்மேல் படிந்திருந்த களிம்பு தற்காலிகமாகச் சுரண்டப்பட்டுவிடும். பழைய சென்சாரையே கழற்றி மாட்டியிருந்தாலும் உங்களுக்கு அந்த இரண்டு வார நிம்மதி கிடைத்திருக்கும் என்பது என் ஊகம். ஊகம்தான், அதை அளந்து உறுதி செய்துகொள்ளும் வழியைக் கீழே எழுதுகிறேன்.

உங்கள் காரில் உள்ள வகைச் சென்சார், பழைய ரேடியோவின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகைப் போன்றதே. உள்ளே கரிப்பூச்சுப் பூசிய ஒரு தடம் இருக்கிறது. அதன் ஒரு முனையில் இசிஎம் 5 வோல்ட் மின்னழுத்தத்தைக் கொடுக்கிறது, மறுமுனை எர்த்தோடு சேர்கிறது, எஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் திராட்டில் தட்டின் அச்சோடு சேர்ந்து திரும்பும் ஒரு சிறிய கை அந்தத் தடத்தின்மேல் வழுக்கிச் சென்று, தட்டு எவ்வளவு திறந்திருக்கிறதோ அதற்கேற்ற வோல்ட்டை மூன்றாவது வயர் வழியாகத் திருப்பி அனுப்புகிறது. தட்டு மூடியிருக்கும்போது ஏறத்தாழ அரை வோல்ட். முழுவதும் திறந்தால் நாலு, நாலரை வோல்ட். ரேடியோத் திருகில் வீட்டார் வழக்கமாக வைக்கும் இடத்தில் மட்டும் கரகரவென்று சத்தம் வருமே, அதைப்போல இந்தத் தடமும் அதிகமாகப் புழங்கும் இடத்தில்தான் முதலில் தேயும். லாரி வரிசைக்குப் பின்னால் ஊர்ந்து செல்பவரின் கால், பெடலை ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் மணிக்கணக்கில் வைத்திருக்கும் என்பதால், 30, 40 வேகத்தில் மட்டும் வெட்டுகிறது என்று கேட்டவுடனே மெக்கானிக் சென்சாரைச் சந்தேகித்ததில் தவறில்லை. சந்தேகப்பட்ட கையோடு அளந்து பார்க்காமல் பொருளை மாற்றியதுதான் தவறு.

வெட்டு ஏன் விழுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வண்டி ஓடிக்கொண்டிருக்கையில் அந்த மூன்றாவது வயரில் வரும் சமிக்ஞை ஒரு கணம் அரை வோல்ட்டுக்கு இறங்கினால், ஓட்டுநர் காலை எடுத்துவிட்டார் என்று இசிஎம் எண்ணிக்கொண்டு பெட்ரோலைக் குறைக்கும், அல்லது நிறுத்தியே விடும். அடுத்த கணம் சமிக்ஞை திரும்பியதும், அவர் திடீரென்று மிதித்துவிட்டார் என்று எண்ணி அதிகமாக ஊற்றும். இந்த இரண்டும் அடுத்தடுத்து நடப்பதைத்தான் நீங்கள் வெட்டு என்கிறீர்கள். சமிக்ஞை அடியோடு விழுந்து, இனி இந்தச் சென்சாரை நம்ப முடியாது என்று இசிஎம் தீர்மானித்துவிட்டால், தானாக ஒரு மதிப்பை வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டும். ஐட்லிங், அதாவது பெடலை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம், ஏறி இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

‘பி 0122’ என்பதற்குச் ‘சென்சார் கெட்டுவிட்டது’ என்று பொருள் இல்லை. ‘அந்தச் சுற்றிலிருந்து வரும் வோல்ட், இருக்க வேண்டியதைவிடக் குறைவாக இருந்தது’ என்பது மட்டுமே அதன் பொருள். சுற்று என்றால் சென்சார், அதன் ஊசிகள், மூன்று வயர்கள், இசிஎம் எல்லாம் அடங்கும். 5 வோல்ட் வராவிட்டாலும், சமிக்ஞை வயர் எங்காவது உரசி எர்த் ஆனாலும், பெரும்பாலான கார்களில் அந்த வயர் அறுந்தாலும் இதே குறியீடுதான் வரும். ‘பி 0123’ என்று வந்திருந்தால் வோல்ட் அதிகம் என்று பொருள். அப்போது நான் முதலில் எர்த் வயரைத்தான் பார்க்கச் சொல்வேன், ஏனெனில் எர்த் விட்டுப்போனால் கொடுத்த 5 வோல்ட்டும் அப்படியே சமிக்ஞை வயரில் வந்து நிற்கும். அளவு எல்லைக்குள் இருந்தும் மற்ற சென்சார்களின் கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால் ‘பி 0121’, விட்டு விட்டு வந்தால் ‘பி 0124’. குறியீட்டை அழிப்பதற்கு முன் அதனோடு பதிவாகியுள்ள வேகம், எஞ்சின் சுற்று, வெப்பநிலை ஆகியவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அழித்துவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று சாவியைக் கொடுக்கும் வழக்கம் நம் ஊரில் அதிகம்.

இனி அளவு. முதல் விதி, கனெக்டரைக் கழற்றாதீர்கள். கழற்றி மாட்டினால் குறை மறுபடியும் இரண்டு வாரத்துக்கு ஒளிந்துகொள்ளும், நீங்களும் ஏமாந்துபோவீர்கள். கனெக்டர் மாட்டியபடியே இருக்க, அதன் பின்பக்கம் வயர் நுழையும் துளையில் மெல்லிய ஊசியை வயரை ஒட்டியே நுழைத்து, மீட்டரின் சிவப்பு முனையை அதில் தொட்டு, கறுப்பு முனையை பேட்டரியின் எதிர்முனையில் (மைனஸ்) வையுங்கள். எஞ்சினை ஓட்டாமல் இக்னிஷனை மட்டும் போடுங்கள். மூன்று வயர்களில் ஒன்றில் 5 வோல்ட் நிலையாக இருக்க வேண்டும். இன்னொன்று எர்த், அதில் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. எஞ்சிய வயர்தான் சமிக்ஞை.

சமிக்ஞை வயரில் மீட்டரை வைத்துக்கொண்டு, வீட்டில் யாரையாவது ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தி, பெடலை மிக மிக மெதுவாக அழுத்தி அதேபோல மெதுவாக விடச் சொல்லுங்கள். வோல்ட் படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்க வேண்டும். இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை: சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணைப் புதுப்பிக்கும்; இடையில் கண் இமைக்கும் நேரத்துக்கு வோல்ட் விழுந்து எழுந்தால் அதற்குத் தெரியவே தெரியாது. ரிச்சி தெருவில் இன்றைக்கும் கிடைக்கிற முள் மீட்டர் இந்த ஒரு வேலைக்கு அதைவிட மேலானது, விழுந்தால் முள் துள்ளும். மிகக் குறைந்த அளவைப் பிடித்து வைக்கும் வசதியுள்ள டிஜிட்டல் மீட்டரும் உதவும். ஸ்கேனரில் வரைபடமாகப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. மலிவான புளூடூத் ஸ்கேனர்கள் மெதுவாகப் படிப்பவை என்பதால், அவற்றில் ஒரே ஒரு அளவை மட்டும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

குறை எங்கே இருக்கிறது என்பது, முள் எப்போது துள்ளுகிறது என்பதில் தெரிந்துவிடும். எத்தனை முறை அழுத்தினாலும் பெடலின் ஒரே இடத்தில் துள்ளினால் தடம் தேய்ந்திருக்கிறது. புதுச் சென்சாராக இருந்தாலும் அது கெட்டதுதான், உங்கள் மெக்கானிக் சொன்ன டூப்ளிகேட் கதை மெய்யாகிவிடும். பெடலை ஒரே இடத்தில் அசையாமல் வைத்திருக்கும்போது, கனெக்டரை விரலால் லேசாக ஆட்டினால் துள்ளுகிறது என்றால் ஊசிகளின் பிடிப்பில் குறை. வயர்க் கட்டை வளைத்தால் துள்ளினால் உள்ளே வயர் இற்றிருக்கிறது. மீட்டரில் முள் அசையாமல் நிற்க, ஸ்கேனரில் மட்டும் அளவு விழுந்தால் கனெக்டரிலிருந்து இசிஎம் வரை போகும் வயரில்தான் தேட வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாமல் போகலாம். உங்கள் வண்டி ரயில்வே கேட்டில் நின்று சூடாகும்போதும் தொல்லை தருவதால், வண்டியை ஓட்டிச் சூடேற்றிவிட்டு இதே சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.

இவை முடிந்த பிறகு கனெக்டரைக் கழற்றலாம். வயர்க் கட்டின் பக்கம் இருக்கும் கனெக்டரில் 5 வோல்ட் ஊசியையும் சமிக்ஞை ஊசியையும் ஒரு சிறு வயரால் இணைத்தால், ஸ்கேனரில் திராட்டில் அளவு ஏறத்தாழ உச்சத்துக்குப் போக வேண்டும். போனால் வயரும் நலம், இசிஎம்மும் நலம். ‘இசிஎம் போய்விட்டது’ என்பவரிடம் இதைச் செய்து காட்டுங்கள். பேட்டரியின் 12 வோல்ட்டை மட்டும் தப்பித்தவறியும் இந்த வயர்களில் கொடுத்துவிடாதீர்கள். அதுவரை நன்றாக இருந்த இசிஎம் அன்றைக்குப் போய்விடும். 5 வோல்ட்டே வரவில்லை என்றால், அதே 5 வோல்ட்டைப் பகிர்ந்துகொள்ளும் மற்றச் சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். அவற்றில் ஏதாவது ஒன்று உள்ளுக்குள் எர்த் ஆகி, எல்லாவற்றையும் சேர்த்துக் கீழே இழுத்துக்கொண்டிருக்கலாம்.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டியே வாழ்கிற நமக்கு ஊசிகளில் பூக்கும் களிம்பு புதிதல்ல. வீட்டு ஜன்னல் கம்பியைத் தின்னும் அதே உப்புக்காற்றுதான் இங்கேயும். கனெக்டருக்குள் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் தெளித்துத் துடைத்து உலரவிடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். ஊசியின் மேல்பூச்சு போய்விட்டால் அடுத்த களிம்பு இன்னும் விரைவாக வரும். கனெக்டரின் வாயிலுள்ள ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள், பல வண்டிகளில் அது எப்போதோ கழன்று விழுந்திருக்கும். மறுபக்க ஊசியைப் பற்றிக்கொள்ளும் பெண் ஊசிகள் விரிந்து தளர்ந்திருந்தால் துடைத்துப் பயனில்லை. வயர்த்துண்டோடு வரும் புதுக் கனெக்டரை வாங்கி, மூன்று வயர்களையும் வெவ்வேறு இடத்தில் வெட்டிப் பற்றவைத்து இணைக்கச் சொல்லுங்கள். புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ தேடினால் பொருத்தமானது கிடைத்துவிடும். சோதிக்கும்போது வயரின் மேலுறையை ஊசியால் குத்திப் பார்க்கிறவர்களை நான் அனுமதிப்பதில்லை. அந்தச் சிறு துளை வழியாக உப்புக்காற்று உள்ளே போய், அடுத்த ஆண்டுக்குள் செம்பு கறுத்துப் பொடிந்துவிடும்.

ஐட்லிங் ஏறுவதற்கு மட்டும் வேறு காரணமும் இருக்கலாம் என்பதால், ஆக்ஸிலரேட்டர் கேபிள் இறுகியிருக்கிறதா, திராட்டில் தட்டில் கரி படிந்து ஒட்டுகிறதா, காற்றுக் குழாய்களில் வெடிப்பு உண்டா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். தட்டைத் தாங்கி நிற்கும் சிறு திருகை மட்டும் யாரும் தொட வேண்டாம். அது தொழிற்சாலையில் நிறுத்தியது. மூலக்கடை மேம்பாலம் ஏறும்போது மட்டும் வெட்டு அதிகமாகிறது என்று எழுதியிருந்தீர்களானால், நான் இவ்வளவு எழுதாமல் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். பாரம் கூடும்போது தடுமாறுவது அதன் குணம்.

கேள்வி: கைபேசியில் ஸ்கேனர் செயலி வைத்திருக்கிறேன். எஞ்சின் சும்மா ஓடும்போது திராட்டில் 14 சதவீதம் என்று காட்டுகிறது. பெடலில் கால் வைக்காதபோது 0 அல்லவா காட்ட வேண்டும்? முழுவதும் மிதித்தாலும் 84-ஐத் தாண்டவில்லை. சென்சார் கெட்டுவிட்டதா?
— வாசகர், ராயபுரம்

பதில்: இல்லை. செயலி காட்டுவது பெரும்பாலும் 5 வோல்ட்டில் எத்தனை பங்கு வருகிறது என்பதைத்தான். 0.7 வோல்ட் என்றால் 14 சதவீதம், 4.2 வோல்ட் என்றால் 84. இரு முனைகளிலும் கொஞ்சம் இடம் விட்டே இந்தச் சென்சாரை அமைக்கிறார்கள். 0 வோல்ட் வந்தால் வயர் அறுந்தது, 5 வோல்ட் வந்தால் எர்த் விட்டது என்று இசிஎம் கண்டுகொள்வதற்காகவே அந்த இடைவெளி. உங்கள் செயலி 0 காட்டினால்தான் எனக்கு எழுதியிருக்க வேண்டும்.

கேள்வி: என் கார் 2019ஆம் ஆண்டு மாடல். திடீரென்று விளக்கு எரிந்து, எவ்வளவு மிதித்தாலும் வண்டி வேகமெடுக்கவில்லை. ‘பி 2135’ என்று வந்தது. சர்வீஸ் சென்டரில், திராட்டில் தட்டு இருக்கும் பாகமான திராட்டில் பாடியையே முழுதாக மாற்றச் சொல்கிறார்கள். சென்சாரை மட்டும் மாற்ற முடியாதா?
— வாசகர், பெரம்பூர்

பதில்: உங்கள் காரில் கேபிள் கிடையாது, பெடலில் ஒரு சென்சார், அதன் சொல்லைக் கேட்டுத் தட்டைத் திறக்கும் மோட்டார், தட்டு உண்மையில் எவ்வளவு திறந்தது என்று சொல்லும் சென்சார் என்று மூன்று ஆட்கள். பாதுகாப்புக்காகத் தட்டின் சென்சாரிலேயே இரண்டு சமிக்ஞைகள் வைத்திருப்பார்கள். சில கார்களில் ஒன்று ஏற ஏற மற்றொன்று இறங்கும், இரண்டையும் கூட்டினால் எப்போதும் 5 வோல்ட் வரும். வேறு சிலவற்றில் இரண்டும் வெவ்வேறு அளவில் ஏறும். இந்த இரண்டு சாட்சிகளும் முன்னுக்குப் பின் முரணாகப் பேசினால் வருவதே ‘பி 2135’. உடனே இசிஎம் மோட்டாரின் பிடியை விட்டுவிடும். தட்டு ஸ்பிரிங்கினால் சிறிதளவே திறந்து நிற்க, வண்டி ஓரமாகப் போய்ச் சேரும் அளவுக்கு மட்டுமே ஓடும். பெடல் சென்சார்கள் முரண்பட்டால் வருவது ‘பி 2138’. அதற்குத் திராட்டில் பாடியை மாற்றிப் பயனில்லை.

சென்சார் தனியாகக் கிடைக்காது என்று அவர்கள் சொல்வது பல மாடல்களில் உண்மைதான். ஆனால் முழுப் பாகத்தையும் வாங்குவதற்கு முன், ஆறு ஊசிக் கனெக்டரையும் அதன் 5 வோல்ட், எர்த் இரண்டையும் மேலே சொன்னபடி பார்த்துவிடச் சொல்லுங்கள், ஒரு மணி நேர வேலை. புதிதாகப் போட்டால் தட்டின் மூடிய நிலையை இசிஎம்முக்குக் கற்பிக்கும் சடங்கு ஒன்று உண்டு, மாடலுக்கு மாடல் முறை வேறு. அதைச் செய்யாவிட்டால் ஐட்லிங் ஏறியே நிற்கும். இக்னிஷன் போட்டிருக்கும்போது இந்தத் தட்டில் விரலை நுழைக்கக் கூடாது. மோட்டார் சட்டென்று மூடும், விரல் நசுங்கிவிடும்.

கேள்வி: மழையில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை அருகே முழங்கால் அளவுத் தண்ணீரில் ஓட்டி வந்தேன். அன்றிலிருந்து ஐட்லிங் சரியில்லை. இந்தச் சென்சாரில் தண்ணீர் போயிருக்குமா?
— வாசகர், வியாசர்பாடி

பதில்: சென்சார் எஞ்சினின் மேல்பகுதியில் இருப்பதால், முழங்கால் தண்ணீர் நேரடியாக அதற்கு ஏறியிருக்க வாய்ப்பு குறைவு; ஃபேன் வாரி இறைத்ததில் கனெக்டர் நனைந்திருக்கலாம். கழற்றி உலர்த்திப் பாருங்கள். அதற்கு முன்னால் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். அது நனைந்திருந்தால் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம், மெக்கானிக் பார்க்கும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். மழை விட்டதும் எஞ்சின் அறைக்குள் பிரஷர் தண்ணீர் அடித்துக் கழுவித் தருகிறோம் என்பார்கள், அதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இந்தச் சென்சார் பைக்கிலும் உண்டா?
— வாசகர், திருவொற்றியூர்

பதில்: உண்டு. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் நம் பைக்குகள் பெரும்பாலும் கார்புரேட்டரை விட்டு ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. அவற்றின் திராட்டில் பாடியிலும் இது இருக்கும். சீட்டுக்கு அடியில் வெயிலுக்கும் மழைக்கும் அருகிலேயே இருப்பதால் கனெக்டரைக் காரைவிட அடிக்கடி பார்க்க வேண்டும். ஐட்லிங் ஏற்றுவதாக நினைத்துக்கொண்டு, கார்புரேட்டர் காலத்துப் பழக்கத்தில் கண்ணில் பட்ட திருகையெல்லாம் திருப்புகிறவர்களிடம் மட்டும் வண்டியை விடாதீர்கள்.